ஏழாம் நிலத்தின் மேற்கு எல்லை

என் அக்கா உட்கார்ந்திருக்கிற மாதிரி எங்கள் வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. கல்யாணப் படத்திலேயே பாதி எழுந்த வாக்கில்தான் இருக்கிறாள். பக்கத்தில் மாமா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்கள் பாசம் என்று நினைப்பார்கள். படம் எடுத்து முடிப்பதற்குள் ஓடிவிடக் கூடாதே என்றுதான் பிடித்தாராம். "கால்ல சக்கரம் கட்டிக்கிட்டே பொறந்தவ" என்று அம்மா சொல்லிச் சொல்லி, சொந்தக்காரர்கள் மத்தியில் சக்கரம் என்பதே அவள் பெயராகிவிட்டது.

அப்படிப்பட்டவள் பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூமில் வேலை பார்க்கிறாள். பின்கட்டில் எட்டு வரிசை இரும்பு ராக்கு. பிழைத்துப்போனவர்கள், செத்துப்போனவர்கள் எல்லோருடைய ஃபைலும் நம்பர் வாரியாக அடுக்கியிருக்கும். மற்ற இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து பதிவு போடுவார்கள். ஃபைல் தேடி எடுத்துவரும் வேலையை இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டர் ராக்குகளுக்கு நடுவிலேயே நடப்பதாகப் பெருமையடித்துக்கொள்வாள்.

அந்த நடையும் போதாமல் ஏதாவது ஒரு வகுப்பில் போய்ச் சேருவாள். டைப்ரைட்டிங், தையல், கார் ஓட்டுவது, முப்பத்தைந்து வயதில் நீச்சல். எல்லாவற்றிலும் முக்கால்வாசி வரை போவாள். பிறகு இருப்புக்கொள்ளாது, அடுத்ததற்குத் தாவிவிடுவாள். அவள் வீட்டு அலமாரியின் மேல்தட்டு முழுக்கப் பாதியில் நின்ற புத்தகங்களும் நோட்டுகளும்தான். மாமா லிஃப்ட் மெக்கானிக். "எங்க வீட்டு லிஃப்ட் மட்டும் மூணாவது மாடியோட நின்னுடும். நாலாவது மாடி யாரும் பாத்ததே இல்ல" என்பார். அக்காவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவாள்.

நாற்பத்திரண்டு வயதில் அவள் மாலைக் கல்லூரியில் சுற்றுச்சூழல் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் கேட்டேன். ரெக்கார்ட் ரூம் ஜன்னலுக்கு வெளியே ஒரு குட்டை இருந்தது. மழைக்காலத்தில் கொக்கு வந்து நிற்கும். ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனால் குட்டையில் பாதியை மூடி மண் கொட்டியிருந்தது. புதன்கிழமை முழுக்க மூடிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அதன் மேல் கார்கள் நின்றன.

"அஞ்சு நாள்டி. அஞ்சே நாள். யார் கேட்டா? ஒருத்தரும் கேட்கல. நானும்தான் கேட்கல. யாராவது கேக்கறதுக்குன்னு ஆள் இருக்காங்களா, அதையாவது தெரிஞ்சுக்கலாமேன்னுதான் சேர்ந்தேன்."

இந்த முறை மூன்றாம் வருஷம் வரைக்கும் வந்துவிட்டாள். மாமா கேலி செய்வதை நிறுத்திவிட்டார். கடைசிப் பருவத்தில் பன்னிரண்டு வாரம் எங்காவது இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த லீவையெல்லாம் போட்டு, வாரத்துக்கு மூன்று நாள் ஒரு நிலப் பாதுகாப்பு அமைப்பில் சேர்ந்தாள்.

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறைதான் அந்த அலுவலகம். சுவர் முழுக்க வரைபடம். மாடிப்படி ஓரத்தில் ரப்பர் பூட்ஸ் அளவு வாரியாக அடுக்கியிருக்கும். முதல் நாள் ஐந்து இன்டர்ன்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் இருபது வயது இருக்கும். அக்கா உள்ளே நுழைந்ததும் சுருள்முடி வைத்த ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"உங்க பொண்ணை விட வந்தீங்களா ஆன்ட்டி? இன்னும் ஒருத்தர் வரணும்னு சொன்னாங்க."

"அந்த ஒருத்தர் நான்தாம்மா" என்றாள் அக்கா. அந்தச் சுருள்முடிதான் அவளுக்கு ஜோடியாக அமைந்தாள். களத்துக்கு இருவர் இருவராகத்தான் போக வேண்டும் என்பது அங்கே விதி.

அமைப்பு செய்கிற வேலை இதுதான். சில நிலச் சொந்தக்காரர்கள், இந்த இடத்தில் கட்டடம் கட்டமாட்டோம், மரம் வெட்டமாட்டோம், தண்ணீரை வடிக்கமாட்டோம் என்று ஒப்பந்தம் எழுதித் தருகிறார்கள். நிலம் அவர்களுடையதாகவே இருக்கும். ஆனால் பிள்ளைகளுக்குப் போனாலும் சரி, விற்றாலும் சரி, அடுத்து வருகிறவர்களையும் அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். வருஷத்துக்கு ஒரு முறை யாராவது போய் எல்லை முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிலத்திலும் பத்துப் பன்னிரண்டு இடங்களைக் குறித்து வைத்திருந்தார்கள். போன வருஷம் நின்ற அதே இடத்தில் நின்று, அதே திசையில் படம் எடுத்து, அச்சடித்த பாரத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு கட்டம்: மாற்றம் உண்டு, மாற்றம் இல்லை. கடைசியில் கையெழுத்து. ஒரு பிரதி சொந்தக்காரருக்குப் போகும்.

கள அலுவலர் முப்பது வயதுப் பெண். மெதுவாகப் பேசுவார். அக்காவை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் 'மேடம்' என்றார். அக்காவுக்கும் அவர் மேடம். இரண்டு மேடமும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வாசலிலேயே நின்றுவிடுவார்கள் என்று சுருள்முடி கிண்டல் செய்வாளாம்.

"ஒப்பந்தத்துக்குக் கால் கிடையாது. நீங்கதான் போய்ப் பாக்கணும். நீங்க பாக்காத இடத்தை வேற யாரும் பாக்கப்போறதில்ல" என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார் கள அலுவலர். இதைக் கேட்டதும் மாமா, "சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்காங்க" என்றார்.

நிஜமாகவே சரியான ஆள்தான். முதல் ஐந்து வாரத்தில் ஆறு நிலம் நடந்தாள். மற்ற ஜோடிகள் மூன்றைத் தாண்டவில்லை. முள் கிழித்த கையோடு என் கடைக்கு வந்து மருந்து கேட்பாள். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன், எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறவள். பஞ்சை எடுத்து நான் துடைப்பதற்குள் அவள் கடையை இரண்டு சுற்று சுற்றிவிடுவாள். "எல்லைக்கல் ஒண்ணு காணாமப் போயிருந்துச்சுடி. கரையான் புத்துக்குள்ள இருந்தது. கண்டுபிடிச்சது யாரு?" என்பாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. முக்கால்வாசிக் கட்டம் நெருங்குகிறதே என்று.

ஏழாவது நிலம் ஒரு சதுப்பு. ஒப்பந்தம் எழுதித் தந்த பெரியவர் இறந்துபோய், அவர் தம்பி மகனிடம் வந்திருந்தது. அவர் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர். சதுப்புக்கு மேற்கே, எல்லைக்கு அந்தப் பக்கம் அவருடைய பண்ணைக் கொட்டகைகள். அன்றைக்குச் சுருள்முடிக்குக் கல்லூரியில் தேர்வு. இரண்டு நாள் கழித்துச் சேர்ந்து போகலாம் என்றார் கள அலுவலர். இரண்டு நாள் சும்மா இருப்பதா? "நான் தனியாவே போயிட்டு வந்துடுறேன் மேடம்" என்று அடம்பிடித்து அக்கா அனுமதி வாங்கிவிட்டாள்.

காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தாள். நாற்றுப்பண்ணைக்காரர் கிழக்கு வாசலில் நின்று வரவேற்றுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். வடக்கு, கிழக்கு, தெற்கு மூன்று பக்கமும் கரை மேடு. ஒரு மணிக்குள் முடித்துவிட்டாள். மேற்குப் பக்கம் எழுநூறு மீட்டர், முழுக்க ஆள் உயரக் கோரை. கையிலிருந்த கழியை ஊன்றிப் பார்த்தாள். முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது. அதைக் கடக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். இரண்டே முக்காலுக்கு ஒரு பஸ், அதை விட்டால் ஐந்து மணிக்குத்தான். எட்டாவது நிலம் வழியிலேயே இருக்கிற சின்னத் தோப்பு. அந்த பஸ்ஸைப் பிடித்தால் ஒரே நாளில் இரண்டு நிலம் முடிந்துவிடும்.

போன வருஷத்துப் படங்களை எடுத்துப் பார்த்தாள். ஒன்பது, பத்து, பதினொன்று. மூன்றிலும் கோரை. கோரைக்குப் பின்னால் கோரை. எது எந்த இடம் என்று எடுத்தவருக்கே தெரியாது போலிருந்தது.

கரை முனையில் நின்றபடியே மூன்று பக்கமாகத் திரும்பி மூன்று படம் எடுத்தாள். ஒன்பது, பத்து, பதினொன்று என்று நம்பர் போட்டாள். மூன்று கட்டத்திலும் 'மாற்றம் இல்லை' என்று டிக் அடித்தாள். கையெழுத்துப் போட்டாள். பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். தோப்பையும் முடித்துவிட்டாள்.

நான்கு நாள் கழித்துக் கள அலுவலர் எல்லா இன்டர்ன்களையும் கூப்பிட்டு, அக்காவின் ஏழாம் நிலத்துப் பாரத்தைத் தூக்கிக் காட்டினாராம். "பாருங்க, எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க. இப்படித்தான் இருக்கணும்." சுருள்முடி கைதட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள்.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது அவள் காலை ஆறரைக்கு என் வீட்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்ததுதான். அவள் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு நான்கு தெரு. வருவாள், டீ வேண்டாம் என்பாள், நான் கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவுவாள். பேச வாயெடுப்பாள், மகளின் பரீட்சையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போய்விடுவாள். "அம்மா வீட்டுக்குள்ளேயே ரவுண்டு அடிச்சிட்டு இருக்காங்க சித்தி, எனக்குத் தலை சுத்துது" என்று அவள் மகள் போனில் புலம்பினாள். இப்படி இரண்டு வாரம் ஓடியது.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை நான் கதவைச் சாத்திவிட்டுக் குறுக்கே நின்றுகொண்டேன்.

"உட்காரு. என்னன்னு சொல்லிட்டு அப்புறம் போ."

உட்காரவில்லை, சொன்னாள். பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"அவ்வளவுதானா? வெறும் கோரைதானே? யாருக்குத் தெரியப்போகுது, விடுக்கா."

"எனக்குத் தெரியுதே. நேத்து ரெக்கார்ட் ரூம்ல ஒரு ஃபைல் எடுத்தேன். நர்ஸ் காய்ச்சல் பாத்து எழுதின சார்ட்டு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுதியிருக்கு. பாத்துட்டுத்தான் எழுதினாங்களான்னு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துருச்சுடி. இதுக்கு முன்னாடி அப்படி ஒரு சந்தேகம் எனக்கு வந்ததே இல்ல."

அதற்கு மேல் என்னால் சப்பைக்கட்டுக் கட்ட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் நடந்து பார்த்துவிடலாம், உண்மையிலேயே மாற்றம் இல்லையென்றால் மனசு ஆறிவிடும் என்று முடிவு செய்தோம். என் ஸ்கூட்டரில்தான் போனோம். நான் ஓட்ட, அவள் பின்னால் இருப்புக்கொள்ளாமல் நெளிந்ததில் வண்டி ஆடியது.

சாலையோரக் கால்வாய்க் கரை வழியாகச் சதுப்பின் வடமேற்கு மூலைக்குப் போனோம். அங்கே போய் இறங்குவதற்கு முன்பே எனக்குச் சத்தம் கேட்டது. தண்ணீர் விழுகிற சத்தம். கறுத்த டீ நிறத்தில் தண்ணீர் கால்வாய்க்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா கோரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். நேர்க்கோடு போட்டது போல ஒரு வாய்க்கால். இடுப்பளவு ஆழம், இரண்டு கை விரித்த அகலம். இயந்திரம் வைத்துத் தோண்டியிருந்தார்கள். கரை நெடுக அதன் சங்கிலிப் பட்டை பதிந்த தடம். கால்வாய்ப் பக்கத்துப் பாதியில் மண் பச்சையாக, ஈரம் காயாமல் கிடந்தது. பண்ணைப் பக்கத்துப் பாதியில் மண் இறுகி, மேலே சின்னதாகப் புல் முளைத்திருந்தது. அந்த வித்தியாசத்தை இருவருமே பார்த்தோம். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது புரியவில்லை.

அவள் முழங்கால் புதையும் என்று சொன்ன இடத்தில் எனக்குக் கணுக்கால்கூடப் புதையவில்லை. கோரையின் அடித்தண்டு பழுத்திருந்தது. மிதித்தால் சருகு மாதிரி நொறுங்கியது. பத்தாம் எண் இடத்தில் நின்று அக்கா படம் எடுத்தாள்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் ஏறவில்லை. "நீ போ, நான் நடந்து வர்றேன்" என்றாள். பதினோரு கிலோமீட்டர். நான் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் கூட வந்தேன். அப்புறம் என்னால் முடியவில்லை. முன்னால் போய்ப் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து, ஓட்டிப்போய் அடுத்த நிறுத்தத்தில் காத்திருந்து, அப்படியே வீடு வந்து சேர்ந்தோம்.

திங்கட்கிழமை அலுவலகம் திறப்பதற்கு முன்பே மாடிப்படியில் போய் நின்றுவிட்டாள். கள அலுவலர் பூட்டைத் திறக்கும்போதே சொன்னாளாம், உள்ளே போனால் தைரியம் போய்விடும் என்று. அவர் முழுவதையும் கேட்டார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோபமாகத் திட்டியிருந்தால் தேவலை. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மத்த நிலமெல்லாம்?"

"நடந்தேன் மேடம். ஒரு அடி விடாம நடந்தேன்."

"நான் அதை எப்படி நம்புறது, சொல்லுங்க."

அக்கா கையெழுத்துப் போட்ட மற்ற ஏழு நிலத்தையும் மறுபடி நடக்க வேண்டியதாயிற்று. மற்ற ஐந்து பேரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு அதைச் செய்தார்கள். ஒரு தவறும் அகப்படவில்லை. ஆனால் அவர்களுக்கு ஆறு நாள் போயிற்று. முதல் ஆறு நிலத்தையும் ஜோடியாக நடந்தவள் சுருள்முடி என்பதால், தன்னையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்களோ என்று அவளுக்குக் கோபம். அதற்குப் பிறகு அக்காவிடம் வேலைக்குத் தேவையான பேச்சைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. ஆன்ட்டி என்பதும் மேடமாகிவிட்டது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அமைப்பின் குழு கூடியது. நாற்றுப்பண்ணைக்காரரையும் வரச் சொல்லியிருந்தார்கள். "நீங்க வரணும்னு கட்டாயமில்ல" என்று கள அலுவலர் அக்காவிடம் சொல்லிப் பார்த்தார். இவள் போனாள். துணைக்கு நான் கீழே சைக்கிள் கடையில் நின்றேன். நின்றேன் என்றுதான் பெயர், மேலே பேசுவது முழுக்கப் படிக்கட்டு வழியாகக் கேட்டது.

நாற்றுப்பண்ணைக்காரர் சத்தம் போடவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அக்கா கையெழுத்துப் போட்ட பாரத்தின் பிரதி.

"நான் மறைக்கல. மழை பெஞ்சா என் கொட்டகைக்குள்ள தண்ணி ஏறுது. ரெண்டு வருஷம் நாத்தெல்லாம் அழுகிப்போச்சு. அதான் தோண்ட ஆரம்பிச்சேன். பாதி தோண்டினதும் எனக்கே பயம். பெரியப்பா எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் இருக்கே, தப்பாச்சேன்னு நிறுத்தி வச்சேன். அப்பதான் உங்க ஆளு வந்தாங்க. பாத்துட்டு ஏதாவது சொல்வாங்கன்னு எதிர்பார்த்தேன். ஒரு வாரத்துல இந்தக் காகிதம் வருது. மாற்றம் இல்லைன்னு எழுதியிருக்கு. சரி, இவ்வளவு தோண்டுறதுக்கு ஒப்பந்தத்துல இடம் இருக்கு போலன்னு நெனச்சு, மிச்சத்தையும் தோண்டிக் கால்வாயில சேர்த்துட்டேன்."

கீழே நின்ற எனக்கு அப்போதுதான் புரிந்தது. புல் முளைத்த பாதியும் பச்சை மண் பாதியும் கண்முன் வந்தன. வெளியே போக வழியில்லாமல் கிடந்த பாதி வாய்க்காலில் சதுப்புக்குப் பெரிய சேதம் இல்லை. அது கால்வாயைத் தொட்ட பிறகுதான் தண்ணீர் எல்லாம் வடிந்திருக்கிறது. அதைத் தொடவைத்தது மூன்று டிக்.

குழுவில் ஒருவர், "பாரத்தில் ஏதோ எழுத்துப் பிழை நடந்திருக்கலாம்" என்று மழுப்பப் பார்த்தார். அமைப்பின் மானத்தைக் காப்பாற்ற நினைத்திருப்பார். அப்போது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்துவிட்டாள் என்று தெரிந்தது.

"எழுத்துப் பிழை இல்லைங்க. நான் அந்தப் பக்கம் போகவே இல்ல. கரையில நின்னு மூணு படம் எடுத்துட்டு, போன மாதிரி எழுதிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு. அவரு பொய் சொல்லல, பொய் எழுதினது நான்தான்."

கீழே சைக்கிள் கடைக்காரர் காற்றடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வாய்க்காலை மூன்று இடத்தில் களிமண் வைத்து அடைப்பது, நாற்றுக் கொட்டகைகளை மேட்டுப் பக்கம் மாற்ற அமைப்பு ஆள் அனுப்பி உதவுவது என்று முடிவாயிற்று. அக்காவின் இன்டர்ன்ஷிப்பை ஏற்க முடியாது என்று கல்லூரிக்குக் கடிதம் போயிற்று. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. ஆனால் அடுத்த வருஷம் விண்ணப்பித்தால் தங்களிடமே எடுத்துக்கொள்வதாக அதே கடிதத்தின் கடைசி வரியில் கள அலுவலர் எழுதியிருந்தார்.

அன்று சாயங்காலம் மாமா பழக்கதோஷத்தில், "மறுபடியும் மூணாவது மாடியா?" என்று கேட்டுவிட்டார். அக்கா கையிலிருந்த டம்ளரைத் தரையில் போட்டாள். உடைந்ததை அவளே பெருக்கினாள். மாமா என்னைக் கூப்பிட்டு வாசலில் வைத்து, "ஏதோ வாய் தவறி வந்துடுச்சு. நீயாவது அவகிட்ட சொல்லும்மா" என்றார். "நீங்களே சொல்லுங்க மாமா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொன்னாரா என்று தெரியாது. ஆனால் வாய்க்காலை அடைத்த மூன்று சனிக்கிழமையும் அவரும் லீவு போட்டுக்கொண்டு போனார்.

யாரும் கூப்பிடாமலேயே அக்கா அந்த வேலைக்குப் போயிருந்தாள். களிமண் மூட்டையைப் பலகையில் வைத்து இருவர் இருவராகத் தூக்க வேண்டும். இரண்டாவது சனிக்கிழமை அவளுக்கு எதிர்முனையில் வந்து நின்றவர் நாற்றுப்பண்ணைக்காரர். ஐந்தாறு நடை நடந்தார்கள். பிறகு அவராகச் சொன்னார்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்லம்மா. ஆனா அன்னைக்கு நீங்க வந்து ஒரு சத்தம் போட்டிருந்தீங்கன்னா, நான் அன்னைக்கே மூடியிருப்பேன். சத்தியமா மூடியிருப்பேன்."

அவள் தலையாட்டினாளாம். வேறு என்ன செய்ய முடியும்? இதை என்னிடம் சொல்லும்போது கடையில் கூட்டம். வரிசையில் நின்றவர்களுக்கு இடையில் புகுந்து புகுந்து வெளியே வந்து சொன்னாள். அவள் கண் கலங்கியதைக் கூட்டத்தில் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

அந்த ஒரு வருஷம் எப்படிப் போயிற்று என்று கேட்டால், மோசமாகத்தான் போயிற்று. இரண்டு முறை படிப்பையே விட்டுவிடுவதாகச் சொன்னாள். ஒரு முறை ஜப்பானிய மொழி வகுப்புக்கு விண்ணப்பம் வாங்கிவந்தாள். நான் கிழித்துப் போட்டேன். அவளும் சண்டைக்கு வரவில்லை.

மறு வருஷம் மறுபடி அதே மாடிப்படி. புதிதாக ஐந்து இன்டர்ன்கள். யாரும் யாரையும் விட வந்தீர்களா என்று கேட்கவில்லை, அவள் கதை அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. சுருள்முடி இப்போது அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கள அலுவலர் அக்காவுக்குக் கொடுத்த முதல் நிலமே ஏழாம் நிலம்தான். "கூட நான் வர்றேன்" என்று சுருள்முடி முன்வந்தாளாம். நம்பிக்கையினாலா, கண்காணிக்கவா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

மேற்கு எல்லைக்கு மட்டும் மூன்று மணி நேரம் பிடித்தது. பத்தாம் இடத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி இடுப்பளவுக்கு இருந்தது. நாற்பது மீட்டரைக் கடக்க முடியவில்லை. அக்கா பாரத்தை எடுத்தாள். இரண்டு கட்டம். மாற்றம் உண்டு, மாற்றம் இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள்.

"போகாத இடத்துக்கு இதுல கட்டமே இல்லையே" என்றாள்.

சுருள்முடி பாரத்தை வாங்கிப் பார்த்தாள். நான்கு வருஷமாக எல்லோரும் நிரப்பிய பாரம், யாரும் கேட்டதில்லை. அவளே ஸ்கேல் இல்லாமல் கோணலாக மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, மேலே 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தாள். "காரணமும் எழுதிடுங்க ஆன்ட்டி" என்றாள். இப்போது அச்சடித்து வருகிற பாரத்திலேயே அந்தக் கட்டம் இருக்கிறது.

அக்கா பட்டம் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. வேலை மாறவில்லை, ரெக்கார்ட் ரூம்தான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அந்த அமைப்புக்குப் போய் நடக்கிறாள். சதுப்பில் தண்ணீர் பாதிதான் திரும்பியிருக்கிறது. கால்வாய்ப் பக்கத்து மூலை இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. கோரை இருந்த இடத்தில் ஏதோ முள்செடி மண்டிவிட்டது. போன வாரம் கடைக்கு வந்தாள். வேலை முடியும் நேரம், நான் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"மேடம்கிட்ட கேட்டேன்டி. பழையபடி ஆக இன்னும் ஆறேழு வருஷம் ஆகுமாம். அதுவும் நல்ல மழை பெஞ்சா. ஆறேழு வருஷம்! அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

நான் பூட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, பதிலுக்குக் காத்திராமல் தெருமுனை வரைக்கும் போய்விட்டிருந்தாள்.